முகம் பார்க்கப் போன பஸ்

பங்காரு கேட்டது அப்படி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. கட்டிக்கொள்ளப் போகிறவனின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். அவ்வளவுதான். ஒட்டியாணம் கேட்டாளா, வைரத்தோடு கேட்டாளா? ஆனால் அவள் வாயைத் திறந்து இதைச் சொன்ன அன்று, வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. அம்மா ரத்தினம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாடி பேச்சு இது? பொண்ணு போயி மாப்பிள்ளையப் பாக்கறதா? வெளியில சொன்னா சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும். மொகத்தைப் பாக்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

அப்பா சுந்தரமூர்த்தி மட்டும் சத்தம் போடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. மூத்த மகள் கௌரியை ஐந்து வருஷத்துக்கு முன்னால், எட்டுக் காணி நிலம் இருக்கிறது என்ற ஒரே சந்தோஷத்தில் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். தாலி ஏறிய பிறகு கௌரி நிமிர்ந்து பார்த்தால், மாப்பிள்ளைக்கு முன்பல் இரண்டு இல்லை, வயது நாற்பது. அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பொங்கலுக்கு வந்தாலும் அம்மாவிடம் பேசிவிட்டுப் போய்விடுவாள்.

அதனால் சுந்தரமூர்த்தி இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி, பாத்துக்கோ. ஆனா நான் அந்தப் பையனை இட்டாந்து உன் எதிர்ல நிறுத்த முடியாது. அவங்க அப்பா பள்ளிப்பட்டு கஜபதிக்குத் தெரிஞ்சா மானத்தை வாங்கிடுவாரு. வர்ற சனிக்கிழமை அவரு பஸ் பேசி சொந்தக்காரங்களை எல்லாம் திருக்கழுக்குன்றம், மகாபலிபுரம், சமுத்திரம் பாக்க இட்டுகினு போறாரு. நம்மளையும் கூப்பிட்டுகிறாரு. பையனும் வர்றான். நாள் பூரா ஒரே பஸ்ஸு. உனுக்குக் கண்ணு இருக்குது இல்ல?"

"இருக்குது நைனா."

"ஆனா நீ பாக்கறது அவங்களுக்குத் தெரியக்கூடாது. திரும்பி பஸ் ஏறும்போது எனக்குப் பதில் வேணும். ஞாயித்துக்கிழமை வெத்தலபாக்கு மாத்தறதா பேச்சு. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. உன் வாயால வரட்டும்."

அரக்கோணத்தைத் தாண்டிப் போயிராத பங்காருவுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. கழுகு, பாறைக் கோயில், கடல், இத்தனையும் போதாமல் ஒரு முகமும். அவள் ஒரு கணக்குப் போட்டாள். காலையில் பஸ் ஏறும்போதே முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அதற்கு எவ்வளவு நேரமாகும், கண் சிமிட்டும் நேரம். அப்புறம் நாள் முழுக்க நிம்மதியாக ஊர் பார்க்கலாம். பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

யுத்தம் முடிந்து ஆறு மாதம் ஆகியும் பெட்ரோல் கண்ணில் படவில்லை. கஜபதி பேசியிருந்தது கரி பஸ். பின்னால் ஒரு உருளையைக் கட்டி, அதில் கரியைக் கொட்டி எரித்து, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். திருத்தணி ஸ்டேஷனுக்கு எதிரே விடிவதற்கு முன் அது நின்று உறுமிக்கொண்டிருந்தது. பங்காரு போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் எல்லோரும் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாயிற்று. பெண்களுக்குப் பின்பக்கம். பின்வாசல் வழியாக ஏற வேண்டும்.

ரத்தினம்மாள் குரலைத் தாழ்த்தி, விரலை நீட்டாமல் மோவாயால் காட்டினாள். "ரெண்டாவது வரிசை. சந்தனக் கலர் சட்டை. அதுதான் பரசுராமன்."

பங்காரு பார்த்தாள். பிடரி தெரிந்தது. ஒட்ட வெட்டிய கிராப்பு, இரண்டு காதுகள், சட்டைக் காலர். விடிந்தது, அரக்கோணம் வந்தது, போனது. பிடரி அப்படியே இருந்தது. மனிதன் என்றால் ஜன்னல் பக்கமாவது திரும்பமாட்டானா? ஏரி வந்தது, கொக்கு பறந்தது, ஒரு ரயில் கூடவே ஓடிவந்தது. மற்ற ஆண்கள் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பரசுராமன் தன் அப்பாவின் பக்கத்தில், அவர் வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

காஞ்சிபுரத்தில் கரி போட பஸ் நின்றது. ஆண்கள் காபி குடிக்க இறங்கினார்கள். பங்காரு எழுந்தாள்.

"எங்கடி போறே?"

"தாகமா கீதும்மா."

"குந்துடி. பொம்பளைங்க யாரு எறங்கறாங்க? காபி இங்கயே வரும்."

வந்தது. கிளீனர் கொண்டுவந்தான், ஒரு பித்தளைத் தூக்கில், ஆறிப்போய். ஜன்னல் வழியாகப் பங்காரு ஓட்டல் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தனச் சட்டை வெளியே வரும் சமயம் பார்த்து, நல்ல கொழுத்த எருமை ஒன்று ஜன்னலை ஒட்டி வந்து நின்றது. அதை ஓட்டிக்கொண்டு வந்தவனும் அங்கேயே நின்று பீடி பற்றவைத்தான். எருமை நகர்ந்தபோது ஆண்கள் ஏறி உட்கார்ந்தாயிற்று. மறுபடி பிடரி. பங்காருவுக்கு எரிந்த எரிச்சலில் பஸ்ஸுக்கு அன்று கரியே தேவைப்பட்டிருக்காது.

திருக்கழுக்குன்றம் போய்ச் சேர பதினோரு மணி ஆகிவிட்டது. மலை ஏறினால்தான் கழுகு. கஜபதி படிக்கட்டின் அடியில் நின்று சட்டம் போட்டார். அவர் நல்ல மனிதர்தான், யாருக்கும் சோற்றில் குறைவைக்காதவர். ஆனால் எதற்கும் ஒரு சட்டம் போடாமல் அவரால் மூச்சுவிட முடியாது.

"ஆம்பளைங்க முன்னாடி போவட்டும். பொம்பளைங்க ஒரு இருபது படி வுட்டு பின்னாடி வாங்க. கழுகு சாப்பிடற வரைக்கும் யாரும் வாயில தண்ணிகூட ஊத்தக்கூடாது."

ஐந்நூறு படிக்கு மேல். வெயில் மண்டையைப் பிளந்தது. பங்காரு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். எப்படியாவது எட்டிப் பிடித்து, ஒரு திருப்பத்தில் பக்கவாட்டிலாவது பார்த்துவிடலாம் என்று. அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "குதிரை மாதிரி ஓடறியே, அவங்க அம்மா பின்னாடி வந்துகினு கீறாங்க, பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

மேலே ஒரு பாறைச் சரிவு. பண்டாரம் பொங்கல் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். காசியில் குளித்துவிட்டு இரண்டு கழுகுகள் உச்சிப்பொழுதுக்கு வந்து இங்கே சாப்பிடும் என்று ஊரே சொல்கிறது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் வெறும் பாறை. இங்கேதான் பங்காருவுக்கு ஒரு யோசனை தோன்றியது. கழுகு வரும்போது எல்லோரும் மேலே பார்ப்பார்கள். அம்மாவும் பார்ப்பாள், அவன் அம்மாவும் பார்ப்பாள், கஜபதியும் பார்ப்பார். அந்த நேரத்தில் இவள் ஒருத்தி மட்டும் நேராக அவனைப் பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

காத்திருந்தாள். பாறைச் சூடு பாதத்தைப் பொசுக்கியது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு யாரோ "அதோ! அதோ!" என்று கத்தினார்கள். மலையே "அரோகரா" போடாத குறை. அத்தனை தலையும் மேலே போயிற்று. பங்காரு சடாரென்று எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

முப்பது ஆண்களும் வெயிலுக்காகக் கையை நெற்றியில் குடை மாதிரி வைத்துக்கொண்டு நின்றார்கள். பரசுராமன் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு கைகளையும் சேர்த்து முகத்தையே மறைத்துக்கொண்டிருந்தான். முழங்கை தெரிந்தது. இரண்டு முழங்கைகள். நல்ல முழங்கைகள்தான், வைத்து என்ன செய்வது?

"பாத்தியாடி? எவ்ளோ பெரிசு! வெள்ளை வெளேர்னு! ஒண்ணு பண்டாரத்து கையிலருந்தே வாங்கிச்சே!" என்று ரத்தினம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பங்காரு திரும்புவதற்குள் கழுகுகள் போய்விட்டிருந்தன. வானம் காலியாக இருந்தது. பாறையில் நாலு பருக்கைப் பொங்கல் கிடந்தது. அறுபது மைல் கரிப்புகை குடித்து, ஐந்நூறு படி ஏறி, பட்டினி கிடந்து அவள் பார்த்தது அந்தப் பொங்கலைத்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண் கூசுகிறது என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் புளிச்சோறு, அப்புறம் மறுபடி பஸ், மறுபடி பிடரி. கால்வாய்க் கரையில் பஸ் நின்றுவிட்டது. அதற்கு மேல் தோணியில்தான் போக வேண்டும். ஆண்கள் முதல் தோணி. அது அக்கரை போய்த் திரும்பி வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போவதற்குள் முக்கால் மணி. இந்தக் கூத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் எனக்கே கோபம் வருகிறது. மகாபலிபுரத்தில் கால் வைத்தபோது மணி மூன்றுக்கு மேல். பங்காருவின் கையில் இன்னும் இரண்டு மணி நேரம்தான் மிச்சம் இருந்தது.

பாறையில் செதுக்கிய யானையை எல்லோரும் வாய் பிளந்து பார்த்தார்கள். பங்காரு யானைக்கும் ஆண்களுக்கும் நடுவே கண்ணை ஓட்டி ஓட்டி இரண்டையும் கோட்டைவிட்டாள். அதைத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஏறினால் பெரிய உருண்டைப் பாறை. வீடு உயரம். சரிவில் எப்படித்தான் உருளாமல் நிற்கிறதோ. கிருஷ்ணனுடைய வெண்ணெய் உருண்டை என்று யாரோ சொன்னதுதான் தாமதம், கஜபதி செருப்பைக் கழற்றிவிட்டார்.

"பரமாத்மா சாப்பிட்டது. மூணு சுத்து சுத்தணும்."

"சாமி ஒண்ணும் இல்லீங்க, வெறும் கல்லுங்க. யாரும் சுத்தறதில்ல," என்றான் வழிகாட்ட வந்த உள்ளூர்க்காரன்.

"உங்க ஊருக்குக் கல்லு. எங்களுக்குச் சாமி. ஆம்பளைங்க முன்னாடி!"

ஆண்கள் கும்பிட்டபடி வலமாகச் சுற்ற ஆரம்பித்தார்கள். கொஞ்சம் தள்ளிப் பெண்கள். பாறை பெரிது; முன்னால் போகிறவர்கள் வளைவில் மறைந்துகொண்டே போனார்கள். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் பாதி போகும்போது பங்காருவுக்குப் புரிந்தது. இவர்கள் வலம் போக, இவளும் பின்னாலேயே வலம் போனால், அடுத்த ஆடிக் கிருத்திகை வரைக்கும் சுற்றினாலும் முதுகுதான் தெரியும். இவள் மட்டும் எதிர்ப்பக்கமாக, இடமாகச் சுற்றினால்? நேருக்கு நேர்!

இடமாகச் சுற்றுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? சாவு வீட்டில்தான் அப்படிச் சுற்றுவார்கள். சாமியை அப்படிச் சுற்றினால் குடும்பத்துக்கு ஆகாது. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்த உள்ளூர்க்காரன்தான் வெறும் கல் என்று சொல்லிவிட்டானே. அவன் வாயில் சர்க்கரை போட வேண்டும்!

"கால்ல முள்ளும்மா, நீ போ," என்று குனிந்தாள். பெண்கள் வளைவில் மறைந்ததும் திரும்பி விறுவிறுவென்று எதிர்ப்பக்கம் நடந்தாள். வளைவில் திரும்பினாள்.

பத்தடியில் கஜபதி. அவர் தோளுக்குப் பின்னால் சந்தனச் சட்டை. தலை குனிந்து, காலடி பார்த்து வந்துகொண்டிருந்தான். இதோ நிமிரப் போகிறான்.

"யாரது எதிர்ல வர்றது? அடச்சே, சாமியை இப்படியா சுத்துவாங்க?" என்று அதட்டிய கஜபதி, அது யார் என்று தெரிந்ததும் திகைத்துப்போனார். பெண் மாப்பிள்ளை எதிரே வந்து நிற்கிறாள், அதுவும் சாவுக்குச் சுற்றுகிற பக்கமாக! அவர் மகன் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "டேய், அந்தாண்ட திரும்பு."

"ஆங், நைனா."

திரும்பிவிட்டான். இருபத்து நாலு வயது ஆண்பிள்ளை, பாறையைப் பார்த்து, மூக்கு அதில் உரசுகிற மாதிரி நின்றான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நிறுத்தி வைத்த பையன்கூட அப்படி நிற்கமாட்டான்.

"போம்மா, போ. உங்க ஆளுங்களோட போய்ச் சேரு," என்றார் கஜபதி.

பங்காரு போகவில்லை. வேண்டுமென்றே நின்றாள். முள் எடுக்கிற மாதிரி காலைத் தூக்கிப் பார்த்தாள், வளையலைத் தள்ளிவிட்டுச் சத்தம் செய்தாள். திரும்புவான். யாராக இருந்தாலும் திரும்புவான். கட்டிக்கொள்ளப் போகிற பெண் பின்னால் நிற்கிறாள் என்று தெரிகிறதல்லவா? முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இவளுக்கு இருக்கிற ஆசையில் கால்வாசி அவனுக்கு இருக்காதா? அவன் காதில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அதை ஓட்டக்கூட அவன் கையைத் தூக்கவில்லை. கஜபதி இன்னொரு தடவை "போம்மா" என்றார். அவள் போனாள்.

காலையிலிருந்து இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ரத்தினம்மாள் வந்து தொடையில் கிள்ளினாள், வலிக்கவில்லை. "எங்கடி போயிருந்தே? அவங்க அம்மா கேக்கறாங்க, நான் இன்னா சொல்றது?" என்று காதோடு பொரிந்து தள்ளினாள், அதுவும் சரியாகக் காதில் விழவில்லை.

கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கஜபதி கையைத் தட்ட, எல்லோரும் கரைக்குத் திரும்பினார்கள். திரும்பித்தானே ஆக வேண்டும், கடலுக்குள்ளேயா போவார்கள்? மணலில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நேர் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். எருமை இல்லை, வெயில் இல்லை, குறுக்கே யாரும் இல்லை.

"வர்றாண்டி, வர்றான்," என்று ரத்தினம்மாள் இடித்தாள். "நல்லா பாத்துக்கோ. இதுக்குத்தானே இந்தப் பாடு!"

பங்காரு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அலை எழும்பி, பாதியில் உடைந்து, வெள்ளையாக ஓடிவந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவே இல்லை. சந்தனச் சட்டை பக்கத்தில் கடந்து போனது. அவள் தலையைத் திருப்பவில்லை.

தோணி ஏறி இக்கரை வந்து, பஸ்ஸுக்குக் கரி மூட்டிக்கொண்டிருந்தபோது, சுந்தரமூர்த்தி மகளையும் மனைவியையும் ஒரு புளியமரத்துப் பக்கம் கூப்பிட்டார்.

"இன்னாம்மா? பாத்தியா?"

"இல்ல நைனா."

"இல்லியா? நாள் பூரா இன்னா பண்ணிகினு இருந்தே? சரி வுடு, இப்ப பஸ்ஸாண்டதான் நிக்கறான், போய்ப் பாத்துட்டு வா."

"வேணாம். நாளைக்கு வெத்தலபாக்கு வேணாம்னு சொல்லிடுங்க."

சுந்தரமூர்த்திக்கு முகம் சிவந்துவிட்டது. "வெளையாடறியா நீ? மொகத்தைப் பாக்காம சரின்னு சொல்ல மாட்டேன்னு அடம் புடிச்சே. இப்ப மொகத்தைப் பாக்காமயே வேணாம்ங்கறே. இது மட்டும் இன்னா நியாயம்?"

"அவரும்தான் என் மொகத்தைப் பாத்ததில்ல. பத்தடியில நின்னேன் நைனா. அவங்க நைனா திரும்புன்னாரு. ஆங்னு சொல்லித் திரும்பிட்டாரு. அப்பால நான் எவ்ளோ நேரம் நின்னேன் தெரியுமா? ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி..."

"பெத்தவங்க பேச்சைக் கேக்கறது ஒரு குத்தமா? நல்ல பையன்தானே!"

"நல்லவருதான். யாரு இல்லன்னாங்க? நாளைக்கு அந்த வீட்ல நான் ஒருத்தியா நின்னு அழுதுகினு இருப்பேன். அப்பவும் அவங்க நைனா திரும்புன்னா திரும்பிக்குவாரு."

"இதுக்கெல்லாம் ஒரு சம்பந்தத்தை வேணாம்பாங்களா? இன்னா ரத்தினம், பாத்துகினு நிக்கறே? உன் பொண்ணுக்கு எடுத்துச் சொல்லு."

ரத்தினம்மாள் காலையிலிருந்து மகளை இழுத்துப் பிடித்துப் பிடித்துக் களைத்திருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை.

"நான் இன்னா எடுத்துச் சொல்றது? கல்யாணமாகி வந்த புதுசுல உங்க அம்மா என்னைப் பேசாத பேச்சில்ல. சோறு போட்டுகினே பேசுவாங்க. அப்பல்லாம் நீங்களும் சுவத்தைத்தான் பாத்துகினு குந்தினு இருப்பீங்க. நீங்களும் நல்ல பையன்தான், ஊர்ல அப்படித்தான் சொன்னாங்க."

பஸ் உறுமத் தொடங்கியது. கஜபதி அங்கிருந்து, "இன்னா மூர்த்தி, ஏறலாமா?" என்று கூப்பிட்டார்.

"அவளைக் கேட்டது நீங்க," என்றாள் ரத்தினம்மாள். "அவ சொல்லிட்டா. போயி சொல்லிட்டு வாங்க."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கஜபதி நின்ற பக்கம் நடந்தார். பாதி தூரத்தில் நின்றார். திரும்பி மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் போங்க என்று கையைக் காட்டினாள். அவர் போனார்.